புறாத்தீவில் கால் ஊன்றுமுன்

ஆசிரியர் அவர்கட்கு,

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் கிழக்குக் கரைக் கடல் அமைதியடைந்து, நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகேறுவோர் தொகை பெருகும்போது, அங்குள்ள முருகைக்கற்களுக்கு (பவளப்பாறைகளுக்கு) நேரும் சேதம் குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள இப்பாறைத்தீவு 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. (குடியேற்ற ஆட்சிக் காலத்தில் துப்பாக்கிச்சூட்டுப் பயிற்சி நடந்த இடத்தில் மாடப்புறாக்கள் இன்னமும் கூடு கட்டுவது வியப்புக்குரியதுதான்.) எனினும் பூங்காவின் பெரும்பரப்பு கடலுக்கடியில் இருப்பதைப் படகிலிருந்து இறங்கும் பலரும் அறிந்திருப்பதில்லை.

நீந்தத் தெரிந்தவர் கண்ணாடியும் சுவாசக் குழாயும் அணிந்து மிதந்தபடியே மீன்களையும் ஆமைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். நீந்தத் தெரியாத நம்மவர்களோ குடும்பமாக இடுப்பளவு நீரில் இறங்கி, அலை தள்ளும்போது கால் ஊன்ற இடம் தேடி, முருகைக்கற்களின் மீதே ஏறி நிற்கின்றனர். அவர்களிடம் தீய எண்ணம் எதுவுமில்லை. காலடியில் இருப்பது உயிருள்ளது என்று எவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நுண்ணிய உயிரினங்கள் கூட்டமாக வாழ்ந்து சுரக்கும் சுண்ணாம்பினால் உருவாகும் இவற்றுள், உருண்டைத் திரளாக வளர்பவை ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்ரிமீற்றரே பெரிதாகின்றன. கிளைவிட்டு வளர்பவை சற்று வேகமாக வளர்ந்தாலும் ஒரே மிதியில் முறிந்துவிடும். 1998 இல் கடல்நீர் சூடேறி நாட்டின் தென்கரையில் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்தபோது புறாத்தீவில் இருந்தவை பெரிதும் தப்பின என்பதை நினைத்தால், இன்றைய இழப்பு மேலும் உறுத்துகிறது.

அறிவிப்புப் பலகைகளை மட்டும் நம்புவதில் பயனில்லை. வெயிலில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பலகையை வாசிப்பதில்லை. படகேறுமுன் ஒவ்வொரு குழுவினருக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஐந்து நிமிடம் வாய்மொழியாக விளக்கம் தரப்பட வேண்டும். தீவருகே மணற்பாங்கான ஒரு பகுதியை மிதவைகளால் எல்லையிட்டு நீந்தத் தெரியாதோருக்கென ஒதுக்க வேண்டும். எங்கே மணல், எங்கே முருகைக்கல் என்பதை நன்கறிந்த உள்ளூர்ப் படகோட்டிகளிடமே விளக்கமளிக்கும் பொறுப்பை ஒப்படைத்து, அதற்குரிய கொடுப்பனவையும் வழங்கலாம். வாடைக்காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அவர்களுக்குப் பெரும்பாலும் பயணிகள் கிடைப்பதில்லையாதலால், அப்போதே பயிற்சியை நடத்தி முடிக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.