செயலாளர் ஆண்டறிக்கை: நம் எழுத்தில் கிளையன்ட் கை வைக்கும்போது

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் சக எழுத்தாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களை வரவேற்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது, எழுதிக் கொடுத்த விளம்பர வாசகத்தை, அதாவது காப்பியை, கிளையன்ட் தன் இஷ்டத்துக்கு மாற்றுவதைப் பற்றித்தான். அதனால் அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே.

எல்லா மாற்றமும் ஒன்றல்ல. பொருளின் எடை தவறு, வக்கீல் ஒரு சொல்லை எடுக்கச் சொல்கிறார் என்றால் நன்றி சொல்லித் திருத்திவிடலாம். சிக்கல் ரசனையில் தொடங்குகிறது. ‘மூன்று திருகாணி, ஒரு ஸ்க்ரூடிரைவர், பத்தே நிமிடம்’ என்று உறுப்பினர் ஒருவர் அலமாரிக்கு எழுதிக் கொடுத்தார். ‘உலகத்தரம் வாய்ந்த புதுமையான பொருத்துமுறை’ என்று மாறித் திரும்பி வந்தது. வயிறு எரியத்தான் செய்யும். அவர் சண்டைக்குப் போகாமல், “முதல் வரியில் உங்களுக்கு எது உறுத்தியது?” என்று கேட்டார். பத்து நிமிடத்தில் முடியாவிட்டால் புகார் வருமே என்பதுதான் அவர்கள் பயம். சரி என்று நிமிடத்தை மட்டும் எடுத்துவிட்டு, ‘மூன்று திருகாணி, ஒரு ஸ்க்ரூடிரைவர். ஆள் கூப்பிட வேண்டாம்’ என்று எழுதினார். அந்த வரிதான் அச்சானது. மாற்றத்தோடு மல்லுக்கட்டுவதைவிட அதன் காரணத்தைக் கேட்டு வாங்குவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குளோரின் வாடையைக் குறைக்கும் என்று எழுதிய தண்ணீர் வடிகட்டிக்கு, ‘எல்லா நோய்க்கிருமிகளையும் அழிக்கும்’ என்று கிளையன்ட் சேர்த்தார். நம் உறுப்பினர் சோதனை அறிக்கை கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். அறிக்கை இல்லை, வரியும் போய்விட்டது. நம்பிக் குடிக்கப்போகிறவர்களுக்காக அவர் நின்றார். சங்கத்தின் சார்பில் அவரைப் பாராட்டுகிறேன்.

சட்டம் காப்பாற்றாதா என்று பலர் கேட்டீர்கள். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1928-இல் ரோமில் சேர்த்த 6பிஸ் பிரிவு, பதிப்புரிமையை விற்ற பிறகும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது. நடைமுறை நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஓவியம், சிற்பம் போன்ற காட்சிக்கலைகளோடு நின்றுவிடுகிறது. பிரிட்டனில் இந்த உரிமையை எழுத்தில் விட்டுக்கொடுக்க முடியும். விட்டுக்கொடுக்கச் சொல்லும் வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தவிர, பெயரே வராத விளம்பர வரிக்கு மதிப்பு கெட்டது என்று நிரூபிப்பதும் கடினம். நமக்குக் கவசம் ஒப்பந்தம்தான்.

அதற்காகச் செயற்குழு, ஒப்பந்தத்தில் சேர்க்க ஒரு மாதிரி வாசகம் தயாரித்திருக்கிறது. திருத்தம் இரண்டு சுற்று, அப்புறம் தனிக் கட்டணம். கிளையன்ட் பக்கத்துக் கருத்துகளை எல்லாம் ஒரே ஆள் தொகுத்து அனுப்ப வேண்டும். இந்த ஒரு வரியே பாதித் தலைவலியைத் தீர்க்கும், ஏனென்றால் மேலாளர் வெட்டியதை விற்பனைப் பிரிவு ஒட்டச் சொல்லும்போது நடுவில் அடிபடுவது நாம்தான். ஒப்புதலுக்குப் பிறகு கிளையன்ட் சேர்க்கும் கூற்றுகளுக்கு அவரே பொறுப்பு. நம்மைக் கேட்காமல் மாற்றிய பிரதியில் நம் பெயர் வரக்கூடாது. ரகசியம் காக்கும் ஒப்பந்தம் இல்லாதபோது, நாம் எழுதிய மூலப் பிரதியை நம் மாதிரித் தொகுப்பில் காட்டலாம். இறுதிப் பிரதியைத் தேதியோடு பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். வேர்டில், யார் எதை மாற்றினார் என்று காட்டும் டிராக் சேஞ்சஸை நிறுத்தாதீர்கள்.

விளம்பர ஏஜென்சி வழியாக வரும் வேலைக்கு இந்த வாசகம் அப்படியே பொருந்தவில்லை. அங்கே கிளையன்டை நாம் பார்ப்பதே இல்லை, ஒப்பந்தம் ஏஜென்சியோடு. இதற்குத் தனி வாசகம் எழுத ஒரு துணைக்குழு அமைக்க வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று அங்கீகரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

செயலாளர்