தரங்கம்பாடி ரயிலடிக் காகிதங்களைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அன்றைய மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்ப் பழைய ரயில் பாதையைப் பற்றி நான் டிரங்குப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த காகிதங்கள் அதில் நனைந்தும் பிழைத்துவிட்டன. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பழைய பேப்பர் கடை அண்ணனுக்கு. அவரை யாரும் கூப்பிடவில்லை. எப்படியோ கேள்விப்பட்டு, அச்சேறாத நியூஸ்பிரிண்ட் கட்டு ஒன்றை சைக்கிள் கேரியரில் கட்டி, மேலே பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "அச்சடிச்ச பேப்பர் வேணாம் சார், மை ஒட்டிக்கும். காஞ்சா போதும்னு வெயில்லயும் போட்டுடாதீங்க, சுருண்டுடும்" என்றார். ஒட்டிக் கிடந்த தாள்களை யாரையும் பிரிக்க விடவில்லை. தரையில் உட்கார்ந்து, தாளுக்கு ஒரு நியூஸ்பிரிண்ட் வைத்து, அது ஈரத்தை இழுத்ததும் எடுத்துவிட்டு வேறு வைத்து, விடியும்வரை அதையே செய்தார். படங்களை மட்டும் மேல்முகமாகத் தனியே விரித்தார். நாளெல்லாம் காகிதத்தைக் கிலோக்கணக்கில் நிறுப்பவர், இவற்றை ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் தூக்கி வைத்தார்.

நடுவில் ஓர் அழைப்பிதழைப் படிக்க நிறுத்தினார். திருக்கடையூரில் யாருக்கோ அறுபதாம் கல்யாணம். மாயவரத்தில் எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று அடியில் போட்டிருந்தது. "எங்க ஆத்தா கருவாட்டுக் கூடையோட இந்த வண்டியிலதான் போகும்" என்றார்.

எனக்கு அங்கேயே தொண்டை அடைத்தது. டேனிஷ்காரர்கள் 1845-ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1860-களில் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தபின் துறைமுக வியாபாரமும் அந்தப் பக்கம் போய்விட்டது. மாயவரத்திலிருந்து நம் ஊருக்கு மீட்டர்கேஜ் பாதை வந்தது 1926-ல்தான். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பெரிய கப்பல் சரக்கு எதுவும் அதற்காகக் காத்திருக்கவில்லை. கூடைக்காரர்களும் மாணவர்களும் கல்யாணத்துக்குப் போகிறவர்களும்தான் அந்த வண்டியின் வாழ்க்கை. 1986-ல் நிறுத்தப்பட்ட அந்தப் பாதையின் கதை கல்யாணப் பத்திரிகையிலும் அட்டை டிக்கெட்டிலும் சீசன் பாஸிலும்தான் மிச்சமிருக்கிறது. அதனால்தான் அந்த டிரங்குப் பெட்டிக்காக அவ்வளவு துடித்தேன்.

பெட்டியைத் தூக்கி மாடிக்கு ஏற்றிய பிள்ளைகள், மின்விசிறி கொடுத்த அடுத்த வீட்டு அக்கா, டீ போட்டுக்கொண்டே இருந்த எதிர்வீட்டுக்காரர்கள், எழுத்து கரைந்துபோன குறிப்புகளை மறுபடி உட்கார்ந்து எழுதிக் கொடுத்த ஓய்வுபெற்ற ரயில்வே பெரியவர்கள், எல்லோருக்கும் என் கைகூப்பிய நன்றி. பேர் விட்டுப் போயிருந்தால் மனதில் விடவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார். சரி, நான் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இனி எந்தக் காகிதமும் ஒரே பிரதியாக என் வீட்டில் இருக்காது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மூன்று வெவ்வேறு இடங்களில் வைப்பேன். அவருடைய ஆத்தாவின் கருவாட்டுக் கூடைப் பயணத்தையும் அவர் சொல்லச் சொல்ல எழுதி, அந்த அழைப்பிதழோடு சேர்த்துவிட்டேன்.

அந்த வண்டியில் போன யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டு எழுதி அனுப்புங்கள். அண்ணன் கடையில் கொடுத்தாலும் எனக்கு வந்து சேரும்.