38.2

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனை எடுப்பதில்லை என்பதால்தான் கடிதம், கோபமில்லை. அழகர் ஆற்றில் இறங்கியதற்குக்கூட நீ வரவில்லை. சோழவந்தான் அத்தை இரண்டு தரம் கேட்டுவிட்டாள். ஆராய்ச்சியில் இருக்கிறாள் என்றேன்; சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு அதே முட்டிவலி.

"ரீடிங் ஒத்து வரலப்பா, கைடு அவசரப்படுத்துறார்" என்றாய். அதற்கப்புறம் பேச்சே இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

போன வாரம் எதிர்வீட்டுப் பிளஸ் ஒன் பையனுக்குத் திண்ணையில் தனி ஊசல் கட்டிக் கொடுத்தேன். நீளம் 100 செ.மீ. குண்டை விட்ட கையோடு "ஒண்ணு" என்றான். இருபது சொல்லி ஸ்டாப் கிளாக்கை நிறுத்தினான்: 38.2 வினாடி. எனக்குச் சுருக்கென்றது. விடும்போது "சைபர்" என்றல்லவா தொடங்க வேண்டும்? அவன் எண்ணியது பத்தொன்பது அலைவுதான். இருபதென்று கணக்குப் போட்டால் ஈர்ப்பு முடுக்கம் (செ.மீ./வி² கணக்கில்) 1082 வந்து நிற்கும்.

பள்ளி ரெக்கார்டுக்கு இதே ஊசல் சோதனையைச் செய்த அன்று உனக்கும் 38.2தானே? மூன்று தரமும். ஏன் என்று நான் பார்க்கவே இல்லை. வாத்தியார் மகள் ரெக்கார்டில் 1082 இருந்தால் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் என்ன நினைப்பார்? அழித்துவிட்டு 40.1 போடு, 980 பக்கம் வந்துவிடும் என்றேன். "கடிகாரம் அப்படித்தாம்பா காட்டுது" என்று அழுதாய். கடிகாரத்தில் தப்பில்லை, எண்ணத் தொடங்கிய இடத்தில்தான் தப்பு. கால்மணி நேரம் விட்டிருந்தால் நீயே பிடித்திருப்பாய்.

வேடிக்கை என்னவென்றால், பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற மதுரைக்கு 978 சொச்சம்தான். நான் எழுதவைத்த 'சரியான' 980 நம் ஊர்க் கணக்கே இல்லை.

ராலே என்ற விஞ்ஞானி காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், அம்மோனியாவிலிருந்து எடுத்ததைவிட அரை சதவீதம் கனமாக இருந்தது. அவர் அதை அழிக்கவில்லை. அந்த வித்தியாசத்தைத் துரத்தியதில்தான் 1894இல் ஆர்கான் என்ற புது வாயு அகப்பட்டது. வகுப்பில் இதைக் கதை கதையாகச் சொன்னவனும் நான்தான்.

பரணிலிருந்து உன் ரெக்கார்டை எடுத்தேன். அழித்த இடத்தில் தாள் மெலிந்துபோயிருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் எட்டு மட்டும் தெரிகிறது.

ஒத்து வராத அந்த ரீடிங் இன்னும் உன் நோட்டில் இருக்கிறதா? அதை மட்டும் சொல். அம்மாவுக்கு இது தெரியாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் என் பக்கத்திலேயே இருக்கும்.

அப்பா