மேலக்காட்டுப் பூனைப்பருந்துகள்

கோவில்பட்டி,
தை 6.

அன்புள்ள முத்து,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. தம்பி இன்னொரு பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கிறான். பொங்கலுக்கு நீ வரவில்லை என்று எனக்குக் கோபம், அதை நேரில் பேசிக்கொள்வோம். நைட் டூட்டி முடிந்து தூங்குகிறவளை எழுப்பி போனில் இவ்வளவையும் சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம். கடைசிவரை படி. உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

முதலில் ஆஸ்பத்திரி மொட்டைமாடியிலிருந்து நீ அனுப்பிய ‘கழுகு’. அது கழுகில்லை ஏட்டி, கரும்பருந்து. வாலைப் பார், நுனியில் கவையாகப் பிளந்திருக்கும். செண்பகத்தைக் காட்டி, ‘சிவப்பு றெக்கை வச்ச காக்கா’ என்று டீச்சரிடமே சாதித்தவள்தானே நீ! ஆனால் படம் நன்றாக இருக்கிறது. வானம் பின்னால் இருந்தால் வெளிச்சத்தை ஒரு புள்ளி கூட்டிவைத்து எடு, இல்லையென்றால் பறவை கரிக்கட்டையாகத்தான் விழும்.

நான் கேமரா வாங்கிவிட்டேன். தீப்பெட்டி ஆபீஸ் போனஸும் சீட்டுப் பணமும் சேர்த்து, பழைய நிகான் பி950. 83 மடங்கு ஜூம். நிலாவின் பள்ளங்கள்கூடத் தெரிகின்றன. ஆனால் அவ்வளவு ஜூம் வைத்தால் பறக்கிற பறவையைக் கட்டத்துக்குள் பிடிப்பதே பெரிய பாடு. முதல் மாதம் முழுக்க வெறும் வானமும் பாதி இறக்கையும்தான் கிடைத்தன. முதலில் ஜூமைக் குறைத்துப் பறவையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் மெல்ல நீட்ட வேண்டும் என்று பழகவே கார்த்திகை ஆகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பெரியப்பாவின் மேலக்காடு ஞாபகம் இருக்கிறதா? நாம் இலந்தைப் பழம் பொறுக்கிய இடம். மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்று நஷ்டமான வருஷத்திலிருந்து அவர் அதில் விதைக்கவே இல்லை. இந்த மழைக்குப் பிறகு ஊசிப்புல் இடுப்பளவு நிற்கிறது. கார்த்திகைக் கடைசியில் ஒரு சாயங்காலம் தம்பியோடு வண்டியில் வரும்போது, அந்தப் புல்லுக்கு மேலே தாழ்வாக, இறக்கையை ‘வி’ மாதிரி தூக்கிவைத்துக்கொண்டு ஒரு பறவை மிதந்தது. பின்னாலேயே இன்னொன்று. வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டோம். இருட்டுவதற்குள் பதினேழு எண்ணினேன் முத்து! அத்தனையும் பூனைப்பருந்து. பதினேழும் அந்தப் புல்லுக்குள் இறங்கித் தரையில் படுத்துவிட்டன.

பருந்தென்றால் மரத்தில்தான் அடையும் என்று நினைத்திருப்பாய். இவை வெட்டவெளியில் வாழ்கிற ஜாதி. கூடு கட்டுவதும் தரையில், குளிர்காலத்தில் கூட்டமாக உறங்குவதும் தரையில். கஜகஸ்தான், ரஷ்யப் பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பறந்து நம் கரிசல் காட்டுக்கு வருகின்றன. புரட்டாசி, ஐப்பசியில் வந்தால் பங்குனி வாக்கில் திரும்பிவிடும். மாண்டேகு பூனைப்பருந்தின் ஆண் சாம்பல் நிறம், இறக்கையின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. பாலிட் பூனைப்பருந்தின் ஆண் இன்னும் வெளிறி, தூரத்தில் வெள்ளையாகவே தெரியும், இது உலகம் முழுக்கக் குறைந்துகொண்டு வருகிறது. பெண்கள் இரண்டு வகையிலும் பழுப்பு, வாலடியில் வெள்ளை. அவற்றைப் பிரித்துச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. முகம் மட்டும் ஆந்தைபோல வட்டமாக இருக்கும், புல்லுக்குள் எலி அசைகிற சத்தத்தைக் காதாலேயே பிடிக்க அந்த அமைப்பு உதவுகிறது. மார்கழி நாலாம் தேதி ஒரு மாண்டேகு ஆண் நேராக என்னைப் பார்த்து வந்தது. அந்தப் படத்தைத்தான் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பிரிண்ட் போட்ட கடைக்காரர், ‘இது நம்ம ஊர்ல எடுத்ததா?’ என்று இரண்டு தரம் கேட்டார்.

இனிமேல் எழுதுவதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

படத்தை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெரிய பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு. அதில் ஒருவர் தனியாக இடம் கேட்டார். மறுப்பது மரியாதை இல்லை என்று நினைத்து லொக்கேஷன் அனுப்பிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று கார்கள் வந்தன. பறவைகள் இறங்கி அடைந்த பிறகு ஒரு காரைப் புல்லுக்குள்ளேயே விட்டார்கள், எழும்பினால் பறக்கிற படம் கிடைக்குமாம். ஹாரன் அடித்தார்கள், கை தட்டினார்கள். அரை இருட்டில் எல்லாம் எழும்பிவிட்டன. ஒரு ஆண் மட்டும் திரும்பத் திரும்ப இறங்கப் பார்த்தது, ஒவ்வொரு தடவையும் ஃபிளாஷ் வெட்டியது. நான் பனைமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன் முத்து, ‘போதும், நிறுத்துங்கள்’ என்று சொல்ல வாய் வரவில்லை. தம்பிதான் போய்ச் சொன்னான். அவனை யாரும் மதிக்கவில்லை.

மறுநாள் நாலு பறவைதான் வந்தன. மற்றவை அன்று இரவு எங்கே இறங்கின, எந்த நரி நாய் கண்ணில் பட்டன என்று நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் கெடுகிறது. இடத்தைக் கொடுத்தது நான். உன்னிடம் சொன்னால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது, வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

குழுவிலிருந்து படத்தை நீக்கிவிட்டேன். பார்த்த பறவைகளைப் பதிகிற ஈபேர்ட் தளத்தில் மேலக்காட்டுப் பட்டியல்கள் எல்லாவற்றையும் பொதுவில் தெரியாதபடி மறைத்துவிட்டேன். இப்போது பனையைத் தாண்டிப் போவதில்லை, கேமராவையும் பாதி நாள் எடுப்பதில்லை. நோட்டில் எண்ணிக்கை மட்டும் எழுதுகிறேன். மெல்ல மெல்லத் திரும்பி வருகின்றன. பொங்கல் நாள் பறவைக் கணக்கெடுப்பில் பதினொன்று எண்ணினேன். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் போன வாரம் டீக்கடையில் பெரியப்பா சொன்னார், மேலக்காட்டை சோலாருக்குக் குத்தகை பேசிவிட்டாராம். அளக்க வருவதற்கு முன் புல்லுக்குத் தீ வைத்துச் சுத்தம் செய்யப் போகிறார். தைப்பூசத்துக்கு முன் முடித்துவிட வேண்டுமாம்.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நிலம் அவருடையது, அக்கா கல்யாணக் கடன் உனக்கே தெரியும். சோலாரும் வேண்டியதுதான், 2012 கரண்ட் கட்டில் மெழுகுவத்தி வைத்துப் படித்தவர்கள்தானே நாம். என் ஆதங்கம் வேறு. பத்திரத்தில் அந்த இடத்துக்குத் ‘தரிசு’ என்று பெயர், தரிசென்றால் அங்கே ஒன்றுமில்லை என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். குஜராத்தில் வேளாவதார் என்ற ஊரில் வெளிமானுக்காகப் புல்வெளியையே 1976-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அங்கே குளிர்கால இரவுகளில் பூனைப்பருந்துகள் ஆயிரத்துக்கும் மேல் படுத்திருந்தது உண்டு. நம் பக்கம் வல்லநாட்டில் மானுக்குச் சரணாலயம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் டூர் போய், மானைப் பார்க்காமல் புளியோதரையை மட்டும் தின்றுவிட்டு வந்தோமே, அதேதான். தட்டையான கரிசல் புல்லுக்கு மட்டும் கேட்பாரில்லை.

பெரியப்பாவிடம் நான் பேசிப் பார்த்தேன். பகலில், பறவைகள் இல்லாத நேரத்தில், புல்லோரம் பொறுக்கிய எச்ச உருண்டை ஒன்றை அவர் முன்னால் பிரித்துக் காட்டினேன். பருந்து செரிக்காததைக் கக்குமே, அது. உள்ளே பூராவும் வெட்டுக்கிளிக் கால், கொஞ்சம் எலி முடி. ‘உங்கள் உளுந்தைத் தின்கிறதைத்தான் இது தின்கிறது’ என்றேன். சிரித்தார். ‘நல்ல பிள்ளை, வெயில்ல அலையாதே’ என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

நீ சொன்னால் கேட்பார். ஆபரேஷன் நேரத்தில் பதினெட்டு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நீ, இன்றைக்கும் மாத்திரை போடும்போது உன் பெயரைத்தான் சொல்கிறார். குத்தகையை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. பங்குனிக் கடைசி வரைக்கும் தீ வைக்க வேண்டாம், அவ்வளவுதான். அளக்கிறவர்கள் பகலில் வந்து கயிறு போட்டு அளக்கட்டும், பறவைகள் பகலில் அங்கே இருக்காது. அடுத்த வருஷம் வரும்போது இந்தக் காடு இருக்காது. வேறு எங்கே இறங்கும் என்று இப்போதே சுற்றுவட்டாரத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன், கண்மாய்க்கு வடக்கே ஒரு இடம் மனதில் இருக்கிறது. எங்கே என்று உனக்குக்கூட எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பேசிவிடு. ராத்திரி எட்டரைக்கு மேல் கூப்பிடு, அதற்கு முன்னால் பெரியம்மா சீரியல் பார்ப்பாள், போனை எடுக்க விடமாட்டாள். தீ என்று நேராக ஆரம்பிக்காதே. மாத்திரையைக் கேட்டுவிட்டு, அப்புறம் மேலக்காட்டுக்கு வா.

பதில் போடு. போனிலாவது போடு.

உன்,
செல்வி