எண்ணெய்ப் புட்டியும் உன் காரும்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. இரவு முழுக்க ஹீட்டரைச் சொருகி வைத்தும் மைனஸ் 31-இல் கார் கிளம்பாமல் அரை நாள் போனது என்று படித்தபோது பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது. இங்கே நாலு நாளாக விடாத மழை. 23 டிகிரிக்கு இறங்கியதற்கே செல்வி போர்வையைத் தேடுகிறாள். தேங்காய் எண்ணெய் புட்டியின் அடியில் வெள்ளையாகக் கட்டிவிட்டது. அதை வெந்நீரில் நிறுத்தும்போதுதான் உன் கார் நினைவுக்கு வந்தது. குளிரில் உறைந்த என்ஜினுக்குக் கரண்டில் சூடேற்றும் பிளாக் ஹீட்டர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதானே! நேரே என்ஜின் எண்ணெயைச் சூடாக்காது. என்ஜினைச் சுற்றி நிற்கும் கூலண்டை, அதாவது என்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவத்தை, சூடாக்கும். அந்தச் சூட்டில் என்ஜின் இரும்பும் சூடேறி, எண்ணெய் இளகிக்கொடுக்கும்.

கனடாவில் உன் ஊரான வின்னிபெக் வந்தபோது உன் கார் முகப்பில் பிளக் தொங்குவதைப் பார்த்து, "எலக்ட்ரிக் கார் வாங்கிவிட்டாயா?" என்று கேட்டேனே, அந்த மானக்கேட்டை இன்னும் மறக்கவில்லை. என்ன செய்ய? முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப்பில் என்ஜின் சூட்டைத் தணித்தே சோறு தின்றவன். கரண்ட் கொடுத்து என்ஜினுக்குச் சூடு ஏற்றுவார்கள் என்று யார் கண்டது! அப்புறம் படித்துப் பார்த்தேன். உன் ஊருக்குத் தெற்கே, அமெரிக்க எல்லை தாண்டினால் வரும் கிராண்ட் ஃபோர்க்ஸில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர், பழைய இஸ்திரிப் பெட்டியின் கம்பியை வைத்துத்தான் தன் முதல் ஹீட்டரைச் செய்தாராம். 1949-இல் காப்புரிமை வாங்கியிருக்கிறார். கெட்டிக்காரர்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இரவு முழுக்கச் சொருகியும் கிளம்பவில்லை என்றால், ஹீட்டருக்குக் கரண்டே போகவில்லை என்று நினைக்கிறேன். முதலில் கார் நிறுத்துமிடத்துப் பிளக்கில் ஒரு விளக்கைப் போட்டுப் பார். அது எரிந்தால், ஆறிய காரில் ஹீட்டரைச் சொருகிக் காது கொடுத்துக் கேள். சில நிமிஷத்தில் தண்ணீர் கொதிக்கப் போகிற மாதிரி 'உஸ்' என்று மெல்லிய சத்தம் வரவேண்டும். வராவிட்டால் ஒயரைக் கழற்றி, பிளக்கின் இரண்டு தட்டைக் கால்களிலும் ஓம் (மின்தடை) அளக்கும் மீட்டரை வை. உன்னுடையது 400 வாட், அங்கே 120 வோல்ட். கிட்டத்தட்ட 36 ஓம் காட்டவேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் ஒயரோ கம்பியோ அறுந்திருக்கிறது. சாலையில் கொட்டுகிற உப்பு பிளக்கை அரித்திருக்கும் என்பது என் ஊகம். ஒயர் என்றால் செலவு குறைவு, வேண்டிக்கொள்.

பேட்டரியையும் சோதிக்கச் சொல். மைனஸ் 18-லேயே அதன் பலம் பாதியாகிவிடும். எண்ணெய் கெட்டியாகி என்ஜின் சுற்ற மறுக்கும் நேரம் பார்த்துத்தான் அதுவும் கைவிடும்.

இன்னொன்று, இரவு முழுக்க எதற்கு? பத்து மணி நேரத்துக்கு 4 யூனிட் போகிறது. டைமர் வைத்துக் கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்னால் ஓடவிட்டால் 1.6 யூனிட்தான். வெளியில் போடுகிற கனமான ஒயராக வாங்கு. வீட்டுக்குள் போடுகிற மெல்லிய ஒயர் வேண்டாம்.

எங்கள் அடுக்குமாடி பிளாக்கிலும் இப்போது மின்கார் சார்ஜர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் காரைச் சொருகிவிட்டுக் கோப்பிக்கடைக்குப் போகும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். மகனும் அப்படி ஒன்று வாங்கலாம் என்கிறான். இங்கே கார் வாங்க எடுக்கவேண்டிய உரிமைச் சீட்டான சிஓஇயின் விலையைக் கேட்டதும், நான் தேக்கா கடைத்தெருவுக்கு எம்ஆர்டி ரயிலிலேயே போய்க்கொள்கிறேன் என்றேன்.

ஒயரைக் கழற்றாமல் காரை எடுத்துவிடாதே, உன் மறதி எனக்குத் தெரியும். மீட்டர் எத்தனை ஓம் காட்டியது என்று உடனே எழுது.

உன்,
மாறன்