கரண்ட் இல்லாத நாளில் அப்பா படித்தது

அன்புள்ள மாப்ள,

திட்டுறதா இருந்தா இப்பவே திட்டி முடிச்சிரு. தை மாசம் நீ எழுதினதுக்கு ஆடியில பதில் போடுறேன். தங்கச்சியும் பிள்ளைகளும் நல்லாயிருக்காங்களா? இங்க எல்லாரும் சௌக்கியம். சோடாபுட்டி ரெண்டாவது வீடு கட்டுறான். என் முந்நூறு ரூபாய மட்டும் இன்னும் தரல.

ஒரு காரியம் ஆகணும்னுதான் எழுதுறேன், மறைக்கல. ஆனா அதை நேரா சொன்னா உனக்குப் புரியாது. நான் செஞ்ச பலகையைப் பத்தி முதல்ல சொல்லணும். பொறுமையாப் படி, நடுவுல தாவாதே. உன்னைத் தெரியும்.

அப்பாவுக்கு இப்பவும் பட்டன் போன்தான். கண்புரை ஆபரேஷனுக்கப்புறம் என் போனை நீட்டினா, "டார்ச் அடிக்காதடா"ங்கிறாரு. கனடாவுல இருக்கிற என் கூடப்பிறந்தவ பாப்பா ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டா, "சாப்பிட்டியா, குளிரா"ன்னு ரெண்டு கேள்வி, அவ்வளவுதான். ஆனா அவ ட்விட்டர் மாதிரியே இருக்கிற மாஸ்டடான்ங்கிற தளத்துல புனைபேர்ல எவ்வளவு அழகாத் தமிழ் எழுதுறா தெரியுமா? அணில், பஸ், பனி, பக்கத்து வீட்டுக் கிழவி. இதை அப்பா படிக்கணும்னு தோணுச்சு. ட்விட்டரா இருந்தா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது, வெளி நிரல் இலவசமாப் பதிவை எடுக்கிற வழியை (ஏபிஐ) 2023-லயே மூடிட்டாங்க. மாஸ்டடான்ல பொதுப் பதிவுகளை எடுக்கக் கடவுச்சொல்லே வேண்டாம். கடைசிப் பதிவு ஒண்ணு போதும், பதில்கள் வேண்டாம், அடுத்தவங்களதைப் பகிர்ந்தது வேண்டாம்னு முகவரியிலயே எழுதிக் கேட்டா நிரல் படிக்கிற ஜேசன் வடிவத்துல வந்து விழும்.

பலகைன்னா இவ்வளவுதான்: வைஃபை உள்ள இஎஸ்பி32-ங்கிற குட்டிச் சில்லு போர்டு, ஒரு லித்தியம் செல், காகிதம் மாதிரி தெரியிற ஒரு ஈ-பேப்பர் திரை. முதல்ல 2.9 இஞ்சு வாங்கினேன், அப்பா கண்ணுக்கு எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. அப்புறம் 4.2 இஞ்சு, 400-க்கு 300 புள்ளி. சோடாபுட்டி கடை மரச்சட்டம் ஒண்ணுல பொருத்தி, சாய்வு நாற்காலிக்குப் பக்கத்துல மாட்டியாச்சு. அரை மணிக்கு ஒரு தடவை முழிச்சு, வைஃபையைப் பிடிச்சு, புதுசா ஏதாவது இருந்தா வரைஞ்சிட்டு, திரும்பத் தூங்கிரும்.

அப்பா கேட்ட முதல் கேள்வி, "மை எங்கடா?" உள்ள கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் எதிரெதிர் மின்னேற்றத்தோட மிதக்குது, மின்னழுத்தம் குடுத்தா ஒண்ணு மேல வரும், இன்னொண்ணு கீழ போகும், அப்புறம் கரண்டையே பிடுங்கினாலும் நின்ன இடத்துல நிக்கும்னு விளக்கினேன். திரை கறுப்பும் வெள்ளையுமா ரெண்டு மூணு தடவை மின்னி எழுத்து வந்ததும், "மை ரோலர் ஓடுது"ன்னாரு. அதோட அவருக்கு அது அச்சு மிஷின் ஆயிருச்சு.

தமிழ்தான் உயிரை வாங்குச்சு. அந்தத் திரைக்கான மென்பொருளுக்கு இங்கிலீஷ் தெரியும், தமிழுக்கு வெறும் கட்டம். எழுத்துரு செஞ்சு ஏத்தினேன். பாப்பா 'தேநீர்'னு எழுதியிருந்தா, முதல்ல 'த', அதுக்குப் பின்னாடி ரெட்டக்கொம்பு அனாதையா நிக்குது. அப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிட்டு, "கொம்பை எவன்டா பின்னாடி கோத்தது?"ன்னாரு. யூனிகோடுல சத்தம் வர்ற வரிசையிலதான் சேமிப்பாங்க, மெய் முதல்ல, உயிர்க்குறி பிறகு, கொம்பை முன்னாடி நகத்துறது வரையிறவன் வேலைன்னு சொன்னேன். "அப்ப நீதான தப்பு பண்ணியிருக்க."

நீ என்ன சொல்வேன்னு தெரியும். ராஸ்பெர்ரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர்ல, எழுத்தைச் சரியாக் கோக்கிற ஹார்ஃப்பஸ் மென்பொருளைப் போட்டுப் படமா வரைஞ்சு, பதினஞ்சாயிரம் பைட்டைப் போர்டுக்கு அனுப்பிட்டுப் போவியா, இதுக்கு ஏன் கஷ்டப்படுறேன்னு. நானும் அதைத்தான் செய்யப் போனேன். ஆனா அப்பா அதுக்குள்ள ஒரு பழைய நோட்டுல கட்டம் கட்டமா வரைய ஆரம்பிச்சிட்டாரு மாப்ள. வடக்கு மாசி வீதி அச்சகத்துல அச்சுக் கோத்தப்ப அவர் முப்பது வருஷம் கை வச்ச கேஸ், அதாவது ஈய எழுத்து போட்டு வைக்கிற அறைப்பெட்டி. எந்த அறையில எந்த எழுத்து, மனப்பாடம். கொம்பு தனி, கால் தனி. கு, கூ எல்லாம் தனித்தனி உரு, உகர ஊகாரத்துக்கு மட்டும் 36. டி, டீ தனி. 'கொ' கோக்கணும்னா கொம்பு, க, கால்னு மூணு ஈயத்தை எடுத்து, கையில பிடிச்சு வரி கோக்கிற ஸ்டிக்ல அடுக்கணும். எனக்கு வேண்டிய அட்டவணை அதேதான்! அந்த நோட்டைப் பார்த்துத்தான் நிரல் எழுதினேன். நடுநடுவுல, "1978-ல எம்ஜிஆர் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து பதிமூணு எழுத்தோட பழைய உருவை எடுத்துச்சு, துதிக்கை வச்ச லையும் னையும் கிடந்த அறை காலியாச்சு, நான் அதுல பீடிக்கட்டு வச்சுக்குவேன்"னு சொன்னாரு. பீடி விஷயம் அம்மாவுக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

இன்னொண்ணு. ஒருநாள் எதையோ மாத்தப்போய் எழுத்தெல்லாம் கண்ணாடியில தெரியிற மாதிரி இடவலம் மாறி விழுந்துருச்சு. நான் தலையைச் சொறிஞ்சுகிட்டு நிக்கிறேன், இவர் உக்காந்த இடத்துலயே கடகடன்னு படிச்சிட்டு, "இதுல என்னடா தப்பு?"ங்கிறாரு. ஈய எழுத்து அப்படித்தான இருக்கும்!

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

போன வியாழக்கிழமை இங்க மாதாந்திரப் பராமரிப்பு, காலையில ஒன்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் கரண்ட் கிடையாது. நான் எட்டு மணிக்கே ஆபீஸ் கிளம்பிட்டேன். ஏழு மணிக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழட்டுறேன், அப்பா அம்மாவுக்குக் கேக்காம, "பாப்பாவுக்கு வேலை போச்சுடா"ன்னாரு. பலகையைப் பார்த்தேன், அதுல பழைய அணில் பதிவு. போனைத் திறந்து அவ பக்கத்தைப் பார்த்தேன், அங்கயும் அப்படி ஒண்ணும் இல்ல. வயசாகுதேன்னு ஒரு நிமிஷம் எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. உன்கிட்ட பொய் சொல்ல முடியாது, அப்படித்தான் நெனச்சேன்.

அவர் காலண்டர் தாளைக் கிழிச்சுப் பின்பக்கம் எழுதி வச்சிருந்தாரு. மணிமணியான கையெழுத்து. "இன்னையோட மூணு வாரம். காலையில கிளம்பி நூலகத்துல உக்காந்துட்டு வர்றேன். மதியம் அம்மாவுக்குப் போன் பண்ண வாசலுக்கு வந்துர்றேன், உள்ள ரொம்ப அமைதியா இருக்கு, ஆபீஸ் மாதிரியே இல்ல. வேலைப் போனதை வீட்டுல சொல்ல வாய் வரல." அந்த 'வேலைப்'ல இருக்கிற ப்-ஐச் சுழிச்சு, ஓரத்துல புரூஃப் திருத்துற மாதிரி நீக்கற குறி போட்டிருந்தாரு. மாப்ள, எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, தொண்டையும் அடைச்சுச்சு.

நடந்தது இதுதான். அவளுக்கு ராத்திரி பத்து, பத்தரை இருக்கும்போது போட்டிருக்கா, இங்க காலை எட்டு. எட்டரைக்குப் பலகை முழிச்சு அதை வாங்கி வரைஞ்சிருச்சு. அதுக்கப்புறம் அவ மனசு கேக்காம அழிச்சிட்டா. அதுக்குள்ள ஒன்பதுக்கு இங்க ரவுட்டர் செத்துப்போச்சு. வலை கிடைக்கலன்னா திரையைத் தொடாம திரும்பத் தூங்குன்னு நான்தான் எழுதியிருக்கேன், ரெண்டு வரி, அதுல பெருமை வேற. அவ உலகம் பூரா அழிச்சிட்டா, மதுரையில ஒரு சாய்வு நாற்காலிக்கு முன்னாடி மட்டும் எட்டு மணி நேரம் அப்படியே நின்னுருக்கு. ஃபேன் இல்லாத வெயில்ல அந்த மனுஷன் அதையே பார்த்துக்கிட்டு இருந்திருக்காரு.

அன்னைக்கு ராத்திரி ஒன்பதரைக்குப் போன் வந்துச்சு. "சாப்பிட்டியாம்மா?" அப்புறம் வழக்கத்துக்கு மாறா, "இன்னைக்குப் பூரா கரண்ட் இல்லம்மா, உன் ஞாபகமாவே இருந்துச்சு." அவ்வளவுதான். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

எனக்குத் தூக்கம் இல்ல. பலகை இருக்கிறதே அவளுக்குத் தெரியாது. தீபாவளிக்கு வரும்போது காட்டிக்கலாம்னு இருந்தேன். யாருக்கும் தெரியாத பேர்ல மனசுவிட்டு எழுதுற பொண்ணோட எழுத்தை அவளுக்குத் தெரியாம அப்பன் முன்னாடி மாட்டி வச்சிருக்கேன். பொதுப் பதிவுதானேன்னு வக்கீல் மாதிரி பேசலாம், ஆனா அவ அழிச்சதை நாங்க காலண்டர் தாள்ல வச்சிருக்கோம். கழட்டிரவான்னு கேட்டேன். அப்பா விடல. இப்ப அஞ்சு மணிக்கே எந்திரிச்சு அதுக்கு முன்னாடி உக்காந்துர்றாரு.

அதனால நீ ஒண்ணு செய்யணும். மிசிசாகாவுல இருந்து பாப்பா இருக்கிற ஸ்கார்பரோ உனக்கு ஒரு மணி நேரம். சனிக்கிழமை தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு, இந்தப் பக்கம் வந்தோம்னு சொல்லிட்டுப் போ. போன தடவை அம்மா குடுத்துவிட்ட பருப்புப்பொடியில மிச்சம் இருந்தா அதைச் சாக்கா எடுத்துக்க. பலகை, நூலகம், எதையும் வாயைத் திறக்காதே. உன்னோட எல்லாம்-தெரிஞ்ச மூஞ்சியை வீட்டுலயே வச்சிட்டுப் போ. அவளாச் சொன்னா கேட்டுக்க. வீட்டு வாடகைக்கு முட்டுதான்னு மட்டும் எப்படியாவது மோப்பம் பிடி, பணம் உன் கையால போகட்டும், நான் உனக்கு அனுப்பிர்றேன். சோடாபுட்டி கணக்குல எழுதிராதே. பலகையைப் பத்தி நானே அவகிட்ட சொல்லிக்கிறேன், ஆனா அவ வாயைத் திறந்தப்புறம்.

போயிட்டு வந்ததும் எத்தனை மணியானாலும் கூப்பிடு.

உன்,
மாப்ள

பி.கு.: இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே பலகை கண் சிமிட்டுச்சு. அணில் போய், தேநீர் பத்தி நாலு வரி. அப்பா பக்கத்துல போய்ப் பார்த்துட்டு, "ஒற்றுப்பிழை இல்ல"ன்னு சொல்லிட்டுக் காபி கேக்குறாரு.