ஹெட் காலரை வாங்குன அன்னைக்கே மாட்டி ரோட்டுக்கு இழுத்துட்டுப் போகாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாய்க்கடி, தெருநாய் தொல்லைன்னு பேப்பர்ல அடிக்கடி படிக்கிறோம், வர வேண்டிய செய்திதான். ஆனா வீட்டு நாயை யாருக்கும் தொந்தரவில்லாம ரோட்டுல எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு தமிழ்ல படிக்க ரொம்பக் கம்மியாத்தான் கிடைக்குது. அதுல ஹெட் காலர்ங்கிற, இழுக்கிற நாயோட தலையில மாட்டுற பட்டையைப் பத்தி மட்டும் எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் வெட்டாம போடுங்க.

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை பக்கம் நிலைமை எல்லாருக்கும் தெரியும். இந்தத் தெருவுல வாசல் ஆரம்பிச்சா அடுத்த தெருவுலதான் பின்கட்டு முடியும், அவ்வளவு பெரிய வீட்டுக்குள்ள ஆச்சியும் செட்டியாரும் ரெண்டே பேரு, இல்ல ஆச்சி மட்டும். பிள்ளைங்க சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர்னு இருக்காங்க. அம்மா தனியா இருக்காகளேன்னு துணைக்கு ஒரு லேப்ரடார் குட்டியை வாங்கி விட்டுட்டுப் போயிடுறாங்க, ரெண்டு மாசக் குட்டியா மடியில கிடந்தது ஒரு வருஷத்துல 30 கிலோ ஆயிடுது, 70 வயசு தாண்டுனவங்க கையில அந்தக் கயித்தைக் குடுத்தா என்ன ஆகும், எதுத்தாப்ல ஒரு ஆடு வந்தா போதும், அது ஒரு இழு இழுத்தா ஆளு கீழ. இந்த வயசுல விழுந்தா இடுப்பு எலும்புதான் போகும். அந்தப் பயத்துலயே வெளிய கூட்டிட்டுப் போறதை நிறுத்திட்டு பின்கட்டுல சங்கிலி போட்டுக் கட்டிடுறாங்க, அது நாள் பூரா கத்தி கத்தி இன்னும் முரடாகுது. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-வது பிரிவுல, எப்பவும் கட்டியே போட்டிருக்கிற நாய்க்கு உரிய நடமாட்டம் குடுக்காம விடுறதும் குற்றம்னு தெளிவா இருக்கு. எத்தனை வீட்ல இது தெரியும்?

இந்த மாதிரி வீடுகளுக்கு ஹெட் காலர் ரொம்ப நல்ல சாமான். பிள்ளைங்களும் ஆன்லைன்ல ஆர்டர் போட்டு அனுப்பிடுறாங்க. பிரச்சினை அதுக்கப்புறம்தான். கூரியர் வந்த அன்னைக்கு சாயங்காலமே மாட்டி வாசலுக்கு இழுக்குறாங்க, நாய் முன்னங்காலால மூஞ்சியப் பிராண்டுது, தரையில தேய்க்குது, நடுரோட்டுல படுத்துக்கிடுது, போற வர்றவங்கல்லாம் "ஏன் ஆச்சி வாயைக் கட்டி வச்சிருக்கீக, மூச்சு முட்டாதா பாவம்" னு கேக்குறாங்க, ஆச்சிக்கும் மனசு கேக்காம கழட்டி ஆணில மாட்டிடுறாக. அதோட அந்த சாமான் கதை முடிஞ்சுது. கூட வர்ற தாள்ல இருக்கிறது பூரா இங்கிலீஷு, பொடி எழுத்து. கடையில கேட்டா மாட்டி விடுங்க தன்னால பழகிரும்ங்கிறாங்க. தன்னால பழகாதுங்க, நாமதான் பழக்கணும், அதைச் சொல்லத்தான் இந்த லெட்டரே.

முதல்ல அது வாயைக் கட்டுற சாமான் இல்ல. ஒரு பட்டை காதுக்குப் பின்னாடி கழுத்தோட மேல்பக்கம் வரும், இன்னொண்ணு வளையமா மூக்குத்தண்டைச் சுத்தி வரும், தாடைக்குக் கீழ ஒரு ரிங், லீஷை, அதாவது நாம கையில பிடிக்கிற கயித்தை, அதுல மாட்டணும். நாய் வாயை நல்லாத் திறக்கலாம், நாக்கைத் தொங்கப் போட்டு இளைக்கலாம், தண்ணி குடிக்கலாம், குரைக்கலாம். அதனால கடிக்கவும் முடியும், இதை ஞாபகம் வச்சுக்கணும், கடிக்கிற பழக்கம் உள்ள நாய்க்கு இதை மாட்டிட்டு இனி பயமில்லன்னு இருக்கக் கூடாது, அதுக்கு காத்தோட்டமான கூடை மாதிரி வாய்மூடிதான் வேணும். துணியில இறுக்கமா வர்ற வாய்மூடியை நம்ம ஊரு வெயில்ல போட்டு நடக்க வைக்கவே வைக்காதீங்க, நாய் சூட்டைத் தணிக்கிறதே வாயைத் திறந்து இளைச்சுத்தான்.

சாதாரண கழுத்துப் பெல்ட்ல நாய் தன் முழு பலத்தையும் கழுத்துலயும் நெஞ்சுலயும் குடுத்து இழுக்கும், நாம பின்னால இழுக்க இழுக்க அது இன்னும் முன்னால சாயும். ஹெட் காலர்ல அது முன்னால பாய்ஞ்சா தலை பக்கவாட்டுல திரும்பிடும், தலை திரும்புற பக்கம் உடம்பும் திரும்பியாகணும், அதனால பலம் போட முடியாது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டா சின்னப் பையன் கூட ஓட்டிட்டுப் போறான்ல, அந்த மாதிரி, ஆனா இதுல குத்துறது கிடையாது, வலி கிடையாது. வலி இல்லாட்டியும் மூஞ்சில புதுசா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தா எந்த நாய்க்கும் பிடிக்காது, அதான் பிராண்டுது. அந்தப் பிடிக்காமையைத்தான் மெதுவா போக்கணும்.

எங்க எதிர்வீட்டு ஜிம்மிக்கு நானும் அந்த வீட்டு ஆச்சியும் சேர்ந்து பழக்குனோம். முதல்ல மாட்டவே இல்ல. காலரைக் கையில எடுத்தா தீனி, உள்ள வச்சிட்டா தீனியும் நிப்பாட்டு, அவ்வளவுதான். கொஞ்ச நாள்லயே அதைப் பாத்தா வாலை ஆட்டிட்டு வர ஆரம்பிச்சுட்டான். அப்புறம் மூக்கு வளையத்தை ஒரு கையில விரிச்சுப் பிடிச்சு அதுக்கு அந்தப் பக்கம் தீனியைக் காட்டணும், அவனா மூக்கை உள்ள விட்டு எடுத்துச் சாப்பிடணும், நாம வளையத்தை அவன் மூஞ்சில திணிக்கவே கூடாது. என்னைக் கேட்டா மொத்த வேலையில முக்கியமே இந்த இடம்தான், இதுல அவசரப்பட்டா அப்புறம் எதுவும் நடக்காது. அவனா மூக்கை விட்டு அப்படியே வச்சிருக்கப் பழகுனதும் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமா தாமதிச்சுக் குடுத்தோம். கழுத்துப் பட்டையைத் தனியா வேற நேரத்துல பழக்குனோம். அதுக்கப்புறம்தான் ரெண்டையும் சேர்த்து மாட்டுனது, அதுவும் சில விநாடிதான், அமைதியா இருக்கும்போதே கழட்டிட்டோம். சில நாய் ரெண்டு மூணு நாள்ல பழகிடும், சிலதுக்கு வாரக்கணக்குல ஆகும், ஒவ்வொண்ணு குணம் ஒவ்வொரு மாதிரி.

தீனி விஷயத்துல ஒண்ணு சொல்லணும். வீட்ல கோழி எடுத்தா மசாலா சேக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு துண்டைத் தனியா உப்பில்லாம வேகவச்சு பொடிப்பொடியா பிச்சு வச்சுக்கோங்க. வெங்காயம், பூண்டு நாய்க்கு விஷம், குழம்புல கிடந்த துண்டைக் கழுவிக் குடுத்தாலும் ஆகாது.

அளவு சரியா இருக்கணும். கழுத்துப் பட்டை காதை ஒட்டி உயரமா, ஒரு விரல் மட்டும் நுழையுற மாதிரி. மூக்கு வளையம் லூஸா, கண்ணுக்கிட்ட ஏறாம, கீழ இறக்குனா மூக்கு நுனியைத் தொடுறதுக்குக் கொஞ்சம் முந்தி வரைக்கும் வரணும், ஆனா கழண்டு விழக் கூடாது. கழுத்துப் பட்டை லூஸா இருந்துச்சுன்னா வளையம் கண்ணுல உரசும், நாய் பிராண்டுறதுக்குப் பாதிக் காரணம் இதுதான். மூக்கு மேல முடி கொட்டுதா, சிவந்திருக்கான்னு தினமும் பாருங்க. நடந்து முடிச்சு வந்ததும் கழட்டிடணும், நாள் பூரா போட்டு வைக்கிற சாமான் இல்ல இது.

நடை பழக்க ரோட்டுக்கு ஓட வேண்டாம், நம்ம வீடே போதும். முகப்புல இருந்து அடுப்படி வரைக்கும் நேரா நடக்குற மாதிரி வீடு வேற எந்த ஊர்ல இருக்கு? ஆத்தங்குடிக் கல்லு நாய்க்கு வழுக்கும், ஒரு ஜமுக்காளத்தை விரிச்சு விட்டுட்டா பயமில்லாம நடக்கும். நடக்கும்போது பிராண்டுச்சுன்னா திட்டாதீங்க, அந்த நேரம் பாத்துக் கழட்டவும் செய்யாதீங்க, பிராண்டுனா கழண்டுரும்னு அது கத்துக்கிடும், பேர் சொல்லிக் கூப்பிட்டு தீனியைக் காட்டி நாலு எட்டு நடக்க வச்சு, நாலு காலும் தரையில இருக்கும்போது கழட்டுங்க. ஆனா நாய் உறைஞ்சு போய் நிக்குது, எச்சில் வடியுது, கண்ணுல வெள்ளை தெரியுதுன்னா அது அடம் இல்ல, பயம், உடனே கழட்டிட்டு முந்தின கட்டத்துக்குத் திரும்பணும். வீட்ல சரியானதும் விடிகாலையில ஆள் நடமாட்டம் இல்லாத ஊருணிக் கரைப் பக்கம். சந்தை நாள், திருவிழா, வெடிச்சத்தம் இருக்கிற நாள் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயில்ல தார் ரோட்டுல புறங்கையை வச்சுப் பாருங்க, நமக்குத் தாங்கலன்னா அதோட பாதத்துக்கும் தாங்காது.

இதை மாட்டிட்டு வெடுக்குன்னு இழுக்கக் கூடாது, நீளமா விட்டுச் சுருட்டுற லீஷையும் மாட்டக் கூடாது, நாய் வேகமா ஓடி நுனியில போய் நின்னா கழுத்து முறுக்கிக்கிடும். 5, 6 அடி லீஷ் போதும். இதே காரணத்தால சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய் வச்சிருக்கிறவங்க யோசிச்சுத்தான் வாங்கணும், அதுங்க முயலைப் பாத்தா கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள பாய்ஞ்சிடும், அதுங்களுக்கு உடம்பைச் சுத்திப் போட்டு நெஞ்சுப் பக்கம் லீஷ் மாட்டுற ஹார்னஸ் பட்டைதான் பாதுகாப்புன்னு நான் நெனைக்கிறேன். பக் மாதிரி மூக்கு சப்பையா உள்ளதுக்கு சாதாரண ஹெட் காலர் சரியா நிக்காது. கழுத்து வலி, கண் நோய் உள்ள நாய்க்கு டாக்டரைக் கேக்காம போடாதீங்க. எந்த நாயா இருந்தாலும் சாதாரணக் கழுத்துப் பெல்ட்டும் போட்டு ரெண்டையும் ஒரு சின்னப் பட்டையால இணைச்சு வச்சா, ஒண்ணு கழண்டாலும் நாய் கையை விட்டுப் போகாது.

இழுக்காம பக்கத்துல நடந்தா தீனி, இழுத்தா நாம அப்படியே நிக்கிறதுன்னு கூடவே சொல்லிக் குடுத்துட்டு வரணும், ஹெட் காலர் அதுக்கு ஒத்தாசைதான். இப்ப ஆச்சியே ஜிம்மியை விடிகாலையில கூட்டிட்டுப் போறாக.

தெருவுல போறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூஞ்சில பட்டை போட்ட நாயைப் பாத்தா அதைக் கடிநாய்னு கத்தாதீங்க, பிள்ளைங்களை விட்டு கல்லெடுத்து எறிய விடாதீங்க, கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டாப் போதும்.

இதை எப்படி மாட்டுறது, எவ்வளவு இறுக்குறதுன்னு படத்தோட தமிழ்ல ஒரு அரைப்பக்கம், ஒரு கால்நடை டாக்டர்கிட்ட கேட்டு, பெரிய எழுத்துல நீங்க போட்டீங்கன்னா வெட்டி எடுத்து பக்கத்து வீடுகளுக்குக் குடுக்க நான் தயாரா இருக்கேன். வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி போடணும்ங்கிறதையும் அதுலயே சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி